ஐந்து பேர் பட்டு

சின்னப்பாலத்தில் எங்கள் ஐந்து பேருக்கு
ஒரு பட்டுச் சேலை.
பாசி விற்ற காசு, ஆளுக்கு மூவாயிரத்து இருநூறு.
நம்புசெல்விக்கு மட்டும் இருநூறு பாக்கி.
அது இன்னும் நோட்டில் இருக்கிறது.

கத்தரிப்பூ உடல், அரக்குக் கரை.
நிறத்துக்கே மூன்று வாரம் சண்டை.
பச்சை வேண்டவே வேண்டாம் என்றேன்,
தண்ணிக்கடியில் பார்க்கிற பச்சை போதாதா?

எமனேஸ்வரத்தில் இந்திராபாய்
தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே பேசினாள்.
இந்தக் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒன்று,
மூன்றாவதை எதிர்ப்பக்கமிருந்து
அவள் புருஷன் தள்ளினார்.
நிறமும் நிறமும் கவ்விக்கொள்ளும் கோர்வையைக் காட்டி
"இழுத்துப் பாருங்க, விடாது" என்றாள்.
நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

சேலையைத் தரும்போது சொன்னாள்:
பிளாஸ்டிக் பையில் போடாதீங்க, வேர்த்துப்போகும்.
மல்துணியில் சுத்துங்க.
பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது.
மாசம் ஒருக்கா நிழல்ல ஆத்தி
மடிப்பை மாத்தி மடிங்க,
ஒரே மடிப்புல கிடந்தா
அந்தக் கோட்டுலயே இத்துப்போகும்.
உப்புக்காத்து மட்டும் ஆகவே ஆகாது.

"உப்பில்லாத காத்துக்கு
நாங்க எங்கம்மா போறது?" என்றாள் சேதுமணி.
இந்திராபாய் யோசித்தாள்.
அவள் கடல் பார்த்தது
ராமேஸ்வரம் போன ரயில் ஜன்னலில்.

முதல் மாதம் பிரித்தோம்.
ராக்காயி விரல் பட்டதும்
ஓர் இழை சிலிர்த்து எழுந்து நின்றது.
எல்லாரும் விரலைப் பார்த்தோம்.
பாறை கிழித்தது, சிப்பி அறுத்தது,
ஆறி, தடித்து, மறுபடி கிழிந்தது.
எண்ணெய் தடவினால் சேலையில் கறை.
பிள்ளைகளைக் கூப்பிட்டால்
ஐஸ் தின்ற கையோடு வரும்.

மரியபுஷ்பம் எழுந்துபோய்
ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வந்தாள்.
பாசி பறிக்கச் சுற்றுவோமே, அதே அகலம்.
பத்து விரலுக்கும் சுற்றிக்கொண்டு மடித்தோம்.
பாறையிடமிருந்து எங்களைக் காக்கும் துணி
எங்களிடமிருந்து பட்டைக் காத்தது.
ராக்காயி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நோட்டில் எல்லாம் இருக்கிறது.
தங்கச்சிமடம் கல்யாணம், சேதுமணி,
முந்தி ஓரத்தில் பாயசம், சின்னது.
மண்டபம் வளைகாப்பு, மரியபுஷ்பம், ஒன்றுமில்லை.
ஆனி பதினாலு, நம்புசெல்வி,
வனத்துறை ஆபீஸ்.

விசேஷத்துக்குத்தானே விதி என்று
நான்தான் கத்தினேன்.
எங்கள் பாசி மூட்டைகளைப் பிடித்து வைத்த நாள் அது.
போன முறை எல்லாரும் போய்
வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றோம்.
இவள் தனியாகப் போனாள், பட்டில்.

மூட்டை கிடைக்கவில்லை.
"நாற்காலி போட்டாங்க" என்றாள் நம்புசெல்வி.
அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அக்குளில் வேர்வை
நிலா விளிம்பு மாதிரி காய்ந்திருந்தது.

அந்த இருநூறை அடிச்சு விட்டுரு என்றாள் ராக்காயி.
அடிக்கவில்லை.
கடன் கடன்தான்.
ஆனால் விசேஷம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
"ஆபீஸ்" என்று எழுதினேன்,
எழுத்துப் பிழையோடு.

இன்று மடிப்பு ஒரு சாண் தள்ளிப்போனது.
ஓரத்தில் ஜரிகை லேசாகக் கருத்திருக்கிறது,
பார்த்தோம், பேசவில்லை.
நாளை விடியுமுன் கடல் வற்றும்.
விரல்துணிகளைக் கழற்றி எண்ணி
பிஸ்கட் டப்பாவில் போடுகிறாள் மரியபுஷ்பம்.
ஐம்பது இருக்க வேண்டும்.
நாற்பத்தொன்பது.
யார் விரலிலோ இன்னும் ஒன்று.