கூட்டக் குறிப்பு

என் எழுத்து வடிவானதாம்.
அதனால் குறிப்பெடுக்கிறவள் நான்.

மருதானையில் டயர்க்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
தோழர் பத்மசீலன் உபரி மதிப்பைப் பற்றி
நாற்பது நிமிடம் கதைத்தார்.
நல்லாய்த்தான் கதைத்தார்,
அவர் சொன்னதில் பிழையில்லை.
ரிஸ்மியா அதைத் தினமும் துடைக்கிறாள்
கோட்டையில், முப்பத்தோராம் மாடியில்.
அந்தக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தால்
கொம்பனித்தெருவில் அவள் வீடு இருந்த இடம் தெரியும்.
வீடு தெரியாது.

ஏழாவது விடயம்: பெண் தொழிலாளர் பிரச்சினைகள்.
அது எப்போதும் ஏழாவதுதான்.
ஆறு முடிய எட்டு மணி,
தொடர்மாடியில் தண்ணீர் வரும் நேரம்.
பெண்கள் வாளிகளை நினைத்தபடி
செருப்பைத் தேடுவார்கள்.
நேரம் போதாமையால் ஒத்திவைக்கப்பட்டது:
பதினாலு மாதமாய் ஒரே வசனம்.
இப்போது கை தானாகவே எழுதுகிறது.

அன்றைக்குப் பாக்கியம் இடையில் கேட்டாள்:
"மாதவிடாய் நாளில் இரண்டு தரம் டொய்லட் போனால்
மேன்பவர்காரன் பத்து நிமிடக் காசு வெட்டுறான்.
தோழர், அது எந்த மதிப்பு?"

தேத்தண்ணி வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில்
பிள்ளை உறங்கிய பிறகு
குறிப்பைத் திருத்தி எழுத இருந்தேன்.

தேத்தண்ணி, பதினேழு கோப்பை.
போட்டது சுமனாவதி.
சீனிக்காசு ரிஸ்மியாவினது, இன்னும் கொடுபடவில்லை.
கழுவியது பாக்கியம்.
அவள் கழுவும்போது மூன்றாம் தீர்மானம்
வாக்கெடுப்புக்கு வந்தது.
கையெல்லாம் சவர்க்காரம்,
உயர்த்தவில்லை.
எதிர்ப்பு இல்லை என்று எண்ணிக்கொண்டார்கள்.

இவ்வளவும் நடந்தது.
அடுத்த வரிகள் நடக்கவில்லை.
ஆனாலும் எழுதினேன்,
தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று:

இனிக் கூட்டம் ஞாயிறு காலை பத்துக்கு.
பிள்ளைகளைக் கூட்டி வரலாம்.
ஏழாவது விடயம் முதலாவதாக எடுக்கப்படும்.
கோப்பை கழுவும் முறை
பொதுச் செயலாளரிலிருந்து தொடங்கும்.

அடுத்த மாதம் எழும்பி நின்று
நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.
குரல் ஓரிடத்தில் நடுங்கியது.
மின்விசிறி கிரீச்சிட்டது.
ஆண்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் ஏதும் உண்டா?
இல்லை.
முன்மொழிபவர் சுமனாவதி.
சிரிப்பை முந்தானையில் துடைத்தாள்.
வழிமொழிபவர் ரிஸ்மியா.
கைகள் உயர்ந்தன.
தோழர் பத்மசீலனின் கைதான் முதலில்,
மற்றக் கையில் போன்.

ஏகமனதாக, என்று எழுதினேன்.

"அப்ப முதலாவது விடயம்?" என்றார் தலைவர்
பழக்கத்தில்,
தாளைப் பார்க்காமல்.

அடுக்களையில் கோப்பைகளுக்கு எறும்பு வந்திருந்தது.
ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை.

பாக்கியம் எழும்பினாள்.
"பத்து நிமிடம்," என்று தொடங்கினாள்.