இருபதடி

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் டேலி கிளார்க்.
நான்கு எழுத்து, ஏழு எண்,
சீல் உடையவில்லை, சரி, அடுத்தது.
எத்தனை பெட்டி என்று கேட்டால் கணக்கு உண்டு.
உள்ளே என்ன என்று கேட்டால்
அது என் வேலை இல்லை.

ரெஜினாவின் வாடகை நாற்காலிகள்
போன டிசம்பரில் மணலி புதுநகர் மனையை விட்டு
மிதந்து கிளம்பின.
பதினேழு மட்டும் ஆண்டார்குப்பம் பக்கம் அகப்பட்டன.
பதினெட்டாவதில் ஒருவர் உட்கார்ந்து
டீ குடித்துக்கொண்டிருந்தார்.
எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தகரக் கொட்டாய் இனிமே வேணாம்.
கப்பல் பொட்டி ஒண்ணு பாருங்க.
உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததுதான்.

பொன்னேரி நெடுஞ்சாலை ஓரம் ஜிலானியின் யார்டு.
அடுக்கி வைத்த நீலம், அடுக்கி வைத்த செங்கல் நிறம்,
எல்லாவற்றுக்கும் மேலே ஒரே துரு.
நான் நம்பரை வாசித்த வேகத்தைப் பார்த்து
"சார் ஹார்பரா?" என்றார்,
கேட்காமலே இரண்டாயிரம் குறைத்தார்.

"ஓட்டை இருக்கானு பாக்கணும்னா
உள்ள போய் நில்லுங்க, நான் சாத்துறேன்.
பாத்துட்டுத் தட்டுங்க."

கம்பிகள் நான்கும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

முதலில் சூடு.
அப்புறம் வாசனை: பிளைவுட்டுக்கு அடித்த விஷம்,
எந்த ஊரோ டயர்.
அப்புறம், இடது தகட்டில், உளுந்தளவு வெளிச்சம்.
ஒரே ஒரு ஓட்டை என்று மனதில் குறித்துக்கொண்டு
தட்டத் திரும்பினவன் நின்றேன்.

எதிர்ச் சுவரில் யார்டு தலைகீழாகத் தொங்கியது.
கிரேன் கொக்கி மேல்நோக்கி ஆடியது.
ஒரு டிரெய்லர் கூரையோரமாக ஊர்ந்து போனது.
ஜிலானி, கால் மேலே தலை கீழே,
பீடி பற்றவைத்தார்;
புகை இறங்கி இறங்கி
என் முழங்கால் உயரத்தில் இருந்த வானத்தில் கலந்தது.
எல்லாம் அதனதன் நிறத்தில். சத்தம் மட்டும் நேராக வந்தது.

"சார், இருக்கீங்களா?"

திறந்த வெளிச்சத்தில் இன்னொன்று தெரிந்தது.
சுவரில் சாக்பீஸ் கோடுகள்,
நாலுக்குக் குறுக்கே ஒன்று, மறுபடி நாலுக்குக் குறுக்கே ஒன்று,
அப்புறம் மூன்று, அத்தோடு நின்றுவிட்டது.
பதின்மூன்று என்னவோ. யாரோ.
எந்தக் கரையிலோ உள்ளேயிருந்து எண்ணியிருக்கிறான்.

"ஓட்டை இருக்கு," என்றேன்.
"ஒண்ணுதானே சார், எம்சீல் வெச்சா முடிஞ்சுது,"
என்று இன்னும் ஐந்நூறு விட்டார்.

பெட்டி வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்தது.
கரண்ட் கம்பியை ஒருவன் மூங்கிலால் தூக்கிப் பிடிக்க,
கிரேன்காரர் வெள்ளைக்கண்ணு
நான்கு கான்கிரீட் கட்டைமேல்
பூப்போல இறக்கினார்.
கை தட்டினார்கள். பணம் வாங்கிக்கொண்டு போனார்.
அதற்கப்புறம்தான் ரெஜினா கேட்டாள்,
கதவு ஏன் மதிற்சுவரைப் பார்த்து இருக்கிறது என்று.

மறுபடி கிரேன். மறுபடி மூவாயிரம்.
முப்பத்தோரு வருஷ அனுபவம் என்று
பக்கத்து வீட்டுக்காரரிடம் அவள் சொன்னது
பாராட்டு இல்லை.

முன்னூற்று எழுபத்தாறு நாற்காலி,
ஆறு மேஜை, தோசைக்கல் இரண்டு,
கோயில் திருவிழாவில் உடைந்து வந்த ஜெனரேட்டர்.
ஒரு நோட்டில் எழுதினேன். கை பழக்கம்.
எம்சீல் டிக்கியிலேயே கிடக்கிறது.

"ஓட்டைய அடைச்சாச்சா?"
"உள்ள போய் நீயே பாரு," என்றேன், "நான் சாத்துறேன்."

கம்பி நான்கையும் திருப்பிவிட்டு
கதவில் கை வைத்து நிற்கிறேன்.
உள்ளே இருப்பது அத்தனையும் நோட்டில் இருக்கிறது.
தெருவில் ஒரு தண்ணி லாரி போகிறது,
பின்னாலேயே குடத்தோடு இரண்டு பெண்கள்.

அவள் இன்னும் தட்டவில்லை.