ஓரத்துப் பேணி

விசுவமடுவில் மாரி தொடங்கினால்
ரியூசன் கொட்டிலின் தகரம் ஒருவரையும் பேசவிடாது.
அன்றைக்கும் பாதி வகுப்பில் விட்டுவிட்டார்கள்.
டிலக்சிகா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்,
பின்னால் நிதுர்சன்,
தலையில் யூரியாப் பையைக் கவிழ்த்தபடி.

அவனைத் தெரியும்.
சந்தியில் அவன் நடந்தால்
ஓட்டோப் பெடியள் விசிலடிப்பதும் தெரியும்.
சுண்டுவிரல் நகத்தில் மட்டும் மயில்நீலப் பூச்சு.
மற்ற ஒன்பதையும் தகப்பன்
சவர அலகால் சுரண்டிவிட்டார் என்று
மகள் முன்னமே சொல்லியிருந்தாள்,
சோறு பிசைந்துகொண்டு,
கணக்குப் பாடத்தில் புள்ளி குறைந்ததைச் சொல்வதுபோல.

"அம்மா, இவனுக்கும் தேத்தண்ணி."

குசினித் தட்டில் ஐந்து பேணிகள்.
ஆறாவது வாய் நெளிந்தது,
அலுமாரிக்குப் பின்னால் கிடப்பது,
மேசன்மார் வந்தால் எடுப்பது.
என் கை அதைத்தான் எடுத்தது.

நான் எடுக்கவில்லை என்று சொல்லப் பார்க்கிறேன்.
கைதான்.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு சிரட்டை இருந்தது.
வேலிக் கிடுகில் செருகியிருக்கும்.
ஆருக்கு அது என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை,
எல்லோருக்கும் தெரியும்.
பதினாறு வயதில் அதை அடுப்பில் வைத்தேன்.
சிரட்டை நல்லா எரியும்.
அம்மா அடித்தா.
அடுத்த வருசம் நான் வீட்டில் இல்லை.
ஒரே கிடாரத்துச் சோறு, நாற்பது பேரின் கை,
நீ எந்தப் பகுதி என்று கேட்டால் தண்டனை.
தலைமயிர் காதுக்கு மேலே.
அதற்குப் பிறகு இந்த விசயத்தில்
நான் படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் குசினி வாசலில் நின்றாள்.
பேணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
தட்டிலிருந்து தன் பேர் கீறியதை எடுத்து
அதில் மாற்றி ஊற்றி அவனிடம் கொடுத்தாள்.
இன்னும் கொஞ்சம் வார்த்து
நெளிந்ததில் தான் குடித்தாள்.

பெரிய மனுசி.
ஆனால் இதே பிள்ளைதான்
வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால்
என் பழைய படத்தை உடுப்புகளுக்குள் தள்ளுகிறவள்.
"காலைப் பற்றி ஆரும் கேட்டா
விழுந்ததெண்டு சொல்லுங்கோ."
சொல்லுகிறேன். விழுந்ததுதானே.
எங்கே, எப்படி என்று
ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

நிதுர்சன் ஊதி ஊதிக் குடித்தான்.
கண் என் காலில்.
"அன்ரி, உள்ளுக்க இரும்பு கிடக்கோ?
மழைக்கு இழுக்குமே?"

பதினைந்து வருசம்.
படிவத்தோடு வந்தவர்கள் கேட்டார்கள், அது வேறு.
இழுக்கும் என்றேன்.
முழங்காலுக்குக் கீழே ரெண்டு சின்னத் துண்டு,
ஒன்று மழைக்கு முதல்நாளே அறிவித்துவிடும்.
"அப்ப ரேடியோ தேவையில்லை" என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மகள் சிரிக்கவில்லை.
நனைந்த கொப்பியின் ஒற்றைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்,
மெதுவாக, கிழியாமல்,
காது மட்டும் எங்கள் பக்கம்.

மழை விட்டது.
போகமுதல் கிணற்றடியில்
பேணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.
நல்ல பிள்ளை என்று நினைக்கத்தான் வாயெடுத்தேன்.
சிரட்டையில் குடித்தவர்களும்
கழுவித்தான் செருகிவிட்டுப் போவார்கள்.

வேலிக்கு மேலால் துளசிமலர்:
"அந்தப் பெடியே உங்கட வீட்டில?"
"மழைக்கு ஒதுங்கினவன்" என்றேன்.
மகளின் சிநேகிதன் என்று சொல்லியிருக்கலாம்.
எட்டு எழுத்து. வரவில்லை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு
நெளிந்த பேணியில் எனக்கு ஊற்றினேன்.
விளிம்பு கீழுதட்டில் பட்டுப் பட்டு உரசியது.

காலையில் மேசன்மார் வருகிறார்கள்,
மதில் வேலை மிச்சம்.
தட்டில் ஐந்து, அலுமாரிக்குப் பின்னால் ஒன்று.
வருகிறவர்கள் மூன்று பேர்.
இன்னும் நித்திரை இல்லை.