படத்தின் இடது பக்கம்

மாகாண சபைத் தேர்தலுக்கு ஒன்பது நாள் கிடக்க
மஸ்கெலியா பஸ் தரிப்பிடச் சுவரில்
துரைக்குக் கை கொடுத்துச் சிரிக்கிறேன்.
அடியில் சிவப்பெழுத்து:
கொழுந்துக் கிலோவைக் கூட்டிக் கொடுத்தவள்
ஓட்டுக்கு வருகிறாள், கதவைச் சாத்து.

கூட்டி. கொடுத்தவள்.
ரெண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில்
தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.
பசை காயவில்லை.
தொட்டேன். என் கன்னத்தில் கொஞ்சம்
விரலோடு வந்தது.

அன்று நான் சிரிக்கவில்லை.
வெயில் கண்ணில் அடித்ததில் பல் தெரிந்தது, அவ்வளவுதான்.
படத்தின் இடது பக்கம், கத்தரி போன இடத்தில்
ஒரு வாங்கு இருந்தது.
வாங்கின் மேல் பெட்டி.
பெட்டிக்குள் அமலோற்பவம்,
பதினாலாம் நம்பர் மலையில் குளவி கொட்டி
கொழுந்து லொறி இறங்கி வரும்வரை
ரோட்டோரம் கிடந்தவள்.
நட்டஈட்டுக் கடிதத்தைத் துரை நீட்டினார்.
அவள் வீட்டில் யாருக்கும் கை எழவில்லை.
நான் வாங்கினேன்.

ஒட்டியது எதிர்க்கட்சி என்றால் மனசு ஆறும்.
பசை வாளி தூக்கிய பையன்
ஒரு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டான்:
எங்கள் பட்டியலின் நாலாம் இலக்கம்.
போன ஞாயிறு சாமிமலையில் ஒரே மேடை,
ஒரே தட்டில் வடை.
மூன்று விருப்பு வாக்கில் ஒன்றைத்
தங்கச்சிக்கும் போடுங்கள் என்று
மைக்கில் முழங்கியவர்.

"பேரைக் கெடுத்துட்டாங்கக்கா" என்றான் கிருஷாந்தன்.
எங்கள் மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
எனக்கும் இப்போது அரைப்பேர்தான் விழுந்திருக்கிறது.

காம்பராவுக்குள் ஏழு பேர், ஒரு பல்பு.
"முழுப்படம் என் போன்ல இருக்கு.
பெட்டி, மெழுகுதிரி, முகம், எல்லாம் கிளியர்.
இப்ப போட்டா விடியிறதுக்குள்ள பொய் செத்துரும்."
இன்னொரு படமும் காட்டினான்.
நாலாம் இலக்கம் ரிப்பன் வெட்டுகிறார்,
பின்னால் சாராயக் கடைப் பலகை.
இடது பக்கம் பாலர் பாடசாலைப் பிள்ளைகள், கையில் பலூன்.
"இதுகளை எடுத்துட்டாப் போதும்."

மூலையில் ஜெனிட்டா நோட்டீஸ் மடித்துக்கொண்டிருந்தாள்.
அமலோற்பவத்தின் மகள்.
செத்துரும் என்ற சொல்லுக்கு அவள் தலை தூக்கவில்லை.
அடுத்த நோட்டீஸை மட்டும்
என் முகம் உள்ளே போகும்படி மடித்தாள்.
வீங்கிய அந்த முகத்தை யாரும் பார்க்க வேண்டாமென்று
லேஞ்சியால் மூடிய கை அது.
அதற்கு முந்தின நிமிஷம்
போனில் இருக்கிறது.

ரெண்டையும் அழி என்றேன்.
"அப்ப என்னத்தக்கா போடுறது?"

எனக்குத் தெரியவில்லை.
ராத்திரி முழுக்க ஆட்டோ ஒலிபெருக்கி
பனிக்குள் என்னைத் திட்டிக்கொண்டே
வளைவுக்கு வளைவு ஏறியது.
பொய்யில் ஒரு சிராய் உண்மை.
பதினாறு கிலோ பதினெட்டான கூட்டத்தில்
நானும் இருந்தேன்.
கையெழுத்து வைக்கவில்லை. கை தூக்கவில்லை.
தேத்தண்ணி வந்தது, குடித்தேன்.
எதிர்த்து ஒரு வார்த்தை எழும்பவில்லை.

மறுநாள் பின்னேரம், நிறுவை நேரம்,
தராசடியில் போய் நின்றேன். மைக் இல்லை.
சாக்குக்கு ரெண்டு கிலோ கழித்துக்கொண்டிருந்தார்
கணக்கப்பிள்ளை.
பெட்டியைச் சொன்னேன். படத்தைக் காட்டவில்லை.
தேத்தண்ணியையும் சொன்னேன்.

மழை பிடித்தது. பாதிப்பேர்
படங்கைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார்கள்.

"அன்னிக்கு ஏன்டி வாயத் தொறக்கல?"
பணிய லயத்து அங்கம்மா.
பயம் என்றேன்.
"இப்ப?"
இப்பவும் கொஞ்சம்.

கூடையை இறக்கி, கையைத் துடைத்து,
ஒரு நோட்டீஸ் கேட்டாள்.
ஜெனிட்டாவின் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தேன்.
வாசிக்கவா, நாளைக்கு ரொட்டி சுற்றவா,
நான் கேட்கவில்லை.