துணைக்கால்

மதிப்பெண் குறைந்ததற்கு
விளக்கம் தரவும் என்கிறது படிவம்.
கட்டத்தின் அடியில் சின்னதாய்
மீதம் 1000.

அப்பா என்று அடித்தேன்.
மீதம் 995.
மூன்றெழுத்துக்கு எப்படி ஐந்து போகும்?
நஞ்சன் அண்ணா திரும்பாமலே சொன்னார்,
மெஷினுக்கு அப்படித்தான் தம்பி,
புள்ளிக்குத் தனிக்கணக்கு
காலுக்குத் தனிக்கணக்கு.

கேத்தி பாலாடா.
மணிக்கு முப்பது ரூபாய்.
வெளியே மழையில்லை, மழை மாதிரி ஒன்று
கண்ணாடியில் வந்து வந்து நிற்கிறது.

போன ஐப்பசியில்
லாரியின் மேலடுக்கில் நின்றவர்
மூட்டையோடு சறுக்கிக் கீழே வந்தார்.
இடது தொடையில் கம்பி.
கோவை பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள்.
அம்மா அங்கிருந்தே திருப்பூருக்குப் போனாள்,
வீட்டுக்கு வந்து போனால்
போக மனசு வராது என்று.

இரவு ஒன்றரைக்கு கேரட் மெஷின் சுற்றும்.
மண் போகும், வால் போகும்,
தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில்
செக்கச்செவேலென்று விழுந்துகொண்டே இருக்கும்.
விரல் இருக்கிறதா என்பது
கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.
விடியுமுன் லோடு மேட்டுப்பாளையம் இறங்கணும்,
எட்டேகாலுக்கு நான் பள்ளிக்கூடம் ஏறணும்.
அலைநீளம் என்று சார் எழுதும்போது
போர்டே அலையடிக்கும்.
இயற்பியல் 41.

இதையெல்லாம் எழுதலாம்.
எழுதத்தான் வந்தேன்.
கிளம்பும்போது கட்டிலில் இருந்து அப்பா,
என் காலை எழுதாதே.
நான் விழுந்ததைக் காட்டியா நீ ஏறணும்?
நிரோஷா ஆறாம் வகுப்புப் பாடநூலை
முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வேதியியல், 38.
அதற்கும் கேரட்டைச் சொல்லிவிடலாம்,
யார் வந்து கேட்கப் போகிறார்கள்.
ஆனால் அந்த வாரம் மழை,
மெஷின் ஓடவில்லை.
ஏழு இரவு முழுசாக இருந்தது கையில்.
நான் கேரம் ஆடினேன்.
ஏன் என்றால்
ஏன் என்று எனக்குத் தெரியாது.
ரெட்டும் ஃபாலோவும் விழுந்தபோது
ஒரு வருஷத்தில் முதல்முறையாக
சத்தம் போட்டுச் சிரித்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை படிவத்தில்.

அப்பா என்பதை அழித்தேன்.
ஐந்தும் திரும்பி வந்தது.

நஞ்சன் அண்ணா எட்டிப் பார்த்தார்.
சேத்து எழுது தம்பி,
போன வருஷம் ஒரு பையன்
வீட்ல ரெண்டு சாவு எழுதினான்,
சீட்டு கெடச்சது.
ரெண்டு பேரும் நேத்து
என் கடைக்கு ரீசார்ஜ் பண்ண வந்தாங்க.

அவர் சிரித்தார். நானும்.
சிரித்து முடித்த பிறகு
அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை.

எழுதினேன்:
அப்பாவுக்கு விபத்து.
அம்மா வெளியூரில் வேலை.
ஓராண்டு இரவில் கேரட் கழுவினேன்.
இயற்பியல் அதனால்.
வேதியியல் நான் படிக்காததால்.

கால் என்ற சொல் அதில் இல்லை.
மீதம் எண்ணூற்றுச் சொச்சம்.
இவ்வளவு இடம் இருக்கே, கொஞ்சம் அழலாமே
என்றார் அண்ணா, நல்லெண்ணத்தில்தான்.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
சுற்றியது, சுற்றியது,
நெட் போய்
வந்து
பெற்றுக்கொள்ளப்பட்டது.

பிரின்ட்டுக்குப் பத்து ரூபாய்.
பையைச் சட்டைக்குள் விட்டு
மேட்டில் ஏறி வந்தேன்.

அப்பா தாளை ஜன்னல் பக்கம் பிடித்தார்.
எழுத்துரு உடைந்திருந்தது.
ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம்,
அப்ப என்று நின்றுபோய்
ஓர் இடம் தள்ளி
புள்ளி வட்டத்தைப் பிடித்தபடி
துணைக்கால்.

வெகுநேரம் பார்த்தார்.
கேரட் என்ற இடத்தில் விரல் நின்றது,
வேதியியலில் நின்றது.
படிக்கலையா என்றார்.
இல்லை என்றேன்.

தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்,
எக்ஸ்ரே இருக்கும் இடத்தில்.
ராத்திரி லோடு உண்டா என்றார்.
தலைவிளக்கை சார்ஜில் போட்டேன்.