நியூபோர்ட்டில் வாடை

வாடை என்றால் பாட்டில் பிரிந்தவள் நடுங்குவாள்.
இங்கே, ஆரிகன் கரையில்,
வாடை வராவிட்டால் பறவை சாகிறது.

மே மாதம் முழுக்கத் தென்காற்று.
தென்றல் என்று இதை அழைக்க
எனக்கு நா எழவில்லை.
மழை, வெதுவெதுப்பு, அடிமணல் தெரியும் நீலம்;
சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்தார்கள்.
படகுத்துறைத் தூணில் நான் கட்டிய வெப்பமானி
பதின்மூன்று என்றது.
மறுநாளும் பதின்மூன்று.
தெளிந்த கடல் கழுவிக் கவிழ்த்த பானை என்பது
ஆய்வகத்தில் எங்கள் மூன்று பேருக்குத் தெரியும்,
பிறகு மர் பறவைகளுக்கு.

ஞாயிறு காலைகளில் லோரெட்டா ஹாஸ்கின்ஸுடன்
ஒரு மைல் மணல்.
கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாய்
அலை ஒதுக்கிப் போட்டிருக்கும்.
அவள் இறக்கையை விரித்து அளப்பாள், நான் எழுதுவேன்.
ஏழு. பதினொன்று. இருபத்தாறு.
நெஞ்செலும்பு கத்திமுனை,
கையில் எடுத்தால் எடையே இல்லை.
"இன்னும் எத்தனை நாள்?" என்றாள்.
காற்றைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தும்
பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று.

பதில் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறது.
அங்கே ஒரு காற்றாறு.
இருபது நாளுக்கொரு தரம், ஏறக்குறைய,
தெற்கே சாயும், வடக்கே நிமிரும்.
சாய்ந்தால் எங்களுக்குத் தென்காற்று,
நிமிர்ந்தால் வாடை.
இந்த வருஷம் சாய்ந்தது சாய்ந்தபடி படுத்துவிட்டது.
இந்துமாக்கடல் மேல் கிளம்பிய மேகக்கூட்டம்
வாரக்கணக்காய்க் கிழக்கே நகர்ந்து
இதைத் தொட்டிருக்கலாம் என்கிறது ஒரு வரைபடம்.
இன்னொன்று மறுக்கிறது.
நான் பிறந்த ஊர் மழைக்கும்
இந்தப் பறவையின் பசிக்கும் நடுவே
ஒரு கோடு இழுக்க ஆசைதான்.
பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஜூன் பாதியில் ஓர் இரவு
கம்பத்தில் கொடிக்கயிறு அடிக்கும் சத்தம் மாறியது.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன். வடக்கு.

காற்று தண்ணீரைத் தெற்கே போ என்கிறது.
பூமி சுழல்வதால் தண்ணீர்
பாதிச் சொல்லைத்தான் கேட்கும்,
வலப்பக்கம் விலகி
மேற்கே, நடுக்கடலுக்குப் போகும்.
அது விட்டுப்போன இடத்துக்கு
அடியிலிருந்து ஏறி வருகிறது
வெகுகாலம் வெளிச்சம் காணாத நீர்,
மூழ்கி மக்கிய எல்லாவற்றின் எருவோடும்.

மூன்றாம் நாள் பதினொன்று.
ஐந்தாம் நாள் எட்டு.
மூடுபனி பாலத்தின் வளைவை விழுங்கியது.
சுற்றுலா வந்தவர்கள் ஸ்வெட்டர் வாங்கினார்கள், ஊரைத் திட்டினார்கள்.
கடல் பச்சையாய்க் கலங்கி
நறுக்கிய வெள்ளரிபோல் மணத்தது.
துறையில் நின்று சிரித்தேன், பல் கிட்டிக்க.

அந்த ஞாயிறும் எண்ணினோம். பத்தொன்பது.
பச்சை மீனாகி அலகுக்கு எட்ட
இன்னும் வாரங்கள் ஆகும்.
"இவை வாடைக்கு முன்பே பட்டினி கிடந்தவை" என்றேன்.
லோரெட்டா அடுத்த இறக்கையை விரித்தாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
வெப்பநிலையை மட்டும்:
எட்டு.