பதர்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
குறுவை மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது.
கூடப் பிறந்த மூன்றையும்
லாரிக்காரர்கள் ஆளுக்கொன்றாய்க் கொண்டுபோயிருந்தார்கள்.
தூற்றியதில் ஒதுங்கியது என்று
பதர் என்றே கூப்பிட்டோம்.

சணல் கயிற்றின் நுனியைக் கொடுத்து
இழுத்து விளையாடுவார் இருதயராஜ்.
கயிற்றை விட்டுப் பல் கைக்குத் தாவும்.
இருபது வருஷம் கொக்கி பிடித்த உள்ளங்கை,
ஊசிப்பல் அங்கே இறங்காது.
அவர் சிரிப்பார். அது இன்னும் அழுத்தும்.

பில் போடும் என் விரலில்தான்
ரத்தம் வந்தது.

"கூட்டாளிக் குட்டி இருந்தா
கத்தியிருக்கும், ஆட்டத்தை நிறுத்தியிருக்கும்.
கடியோட அளவு அப்படித்தான் அதுக்குத் தெரியும்.
நீங்கதான் அண்ணே கத்தணும்."
"வலிக்கலையேம்மா."
"வலிச்ச மாதிரி."

கூச்சப்பட்டார்.
முதல் 'ஆ' கொட்டாவி போல இருந்தது.
இரண்டாவதுக்கு லோடுமேன்கள் எல்லோரும் சிரித்தார்கள்.
மூன்றாவதுக்குப்
பதர் காதைத் தூக்கியது.
கத்திவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டு
தார்ப்பாய்ப் பக்கம் திரும்பி உட்கார்வார்.
அது சுற்றிச் சுற்றி வரும்.
பத்து எண்ணுவார். மறுபடி கயிறு.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள்
அதன் வாயில் என் விரல்
ஊறவைத்த விதைநெல் போலக் கிடந்தது,
உமி பிரியாமல்.

நேற்று கடைசி லோடு ஏற்றும்போது
சரிந்த மூட்டை அவர் தோளில் இறங்கியது.
சத்தமில்லாத 'ஆ',
மூச்சோடு போனது.

அந்தக் கோடியில்
சாக்குத் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பதர்
வாயைத் திறந்து
விட்டுவிட்டது.